மேல் ஷட்ஜம் வராத ஸ்கேல்

கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே விழுகிற சுரங்களை வைத்து வாசிக்கிற மைக்ரோடோனல் இசை என்று யாராவது பேச்செடுத்தால் நம் ஆட்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “இதென்ன புதுசு? நம்மகிட்ட 22 சுருதி ஆதிகாலத்திலிருந்தே இருக்கே.” சபா கேண்டீனில் காபி டம்ளரோடு நிற்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பாக்கள் எழுதிப் பார்த்திருக்கிறேன். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தோடியின் காந்தாரத்தைக் கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தியும் எடுக்க முடியாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற இடத்தில் நம் காது நடமாடிப் பழகியதுதான். இருந்தாலும் அந்தப் பதில் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. போலன்–பியர்ஸ் என்ற ஸ்கேலோடு கொஞ்சம் புழங்கிய பிறகு ஏன் உறுத்தியது என்று புரிந்தது. அந்த ஸ்கேல் கேட்கிற கேள்வி வேறு. நாம் சொல்கிற 22 அதற்குப் பதிலே ஆகாது.

நம் ஊரில் சுருதிச் சண்டை எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர் இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 22 என்ற கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்தாயியை, அதாவது கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரையிலான தூரத்தை, சமமாக 24 பங்காகப் பிரிப்பதுதான் சரி என்றார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களையும் அழைத்துப் போய் அதை மேடையிலேயே செய்து காட்டினார். மறு வருடம் கருணாமிர்த சாகரத்தை அச்சில் கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தைத் தூக்கவே தெம்பு வேண்டும். 22-ஆ 24-ஆ, சமமா சமமில்லையா என்று இரண்டு தரப்பும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சண்டையே இல்லை. பாகப்பிரிவினையில் யாருக்கு எத்தனை சென்ட் என்று அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பிகள், நிலத்தின் எல்லைக்கல் எங்கே என்பதில் ஒற்றுமையாக இருப்பார்கள் அல்லவா? கீழ் ஸ ஒரு கல், மேல் ஸ ஒரு கல். அதற்கு நடுவில்தான் எல்லாப் பிரிவினையும். அந்த மேல் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நாம் கேட்டதில்லை.

ஹைன்ஸ் போலன் என்ற ஜெர்மானியர் கேட்டார். அவர் இசைக்காரர் இல்லை, மைக்ரோவேவ் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். 1970-களின் தொடக்கத்தில் ஹாம்பர்க் இசைக் கல்லூரியில் படித்த நண்பர்களுக்காகக் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன் எல்லாரும் ஸ்தாயி என்ற ஒரே சட்டத்துக்குள், அதுவும் 12 படிகளை வைத்தே எழுதுகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறார். திருப்தியான பதில் வரவில்லை. எஞ்சினியர் இல்லையா, தானே உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1978-இல் அந்தக் கணக்கு ஜெர்மன் மொழியில் ஒலியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அதே வருடம் கேஸ் வான் ப்ரோயன் என்ற டச்சுக்காரரும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1984-இல் அமெரிக்காவில் ஜான் பியர்ஸும் அங்கேயே வந்தார். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்த பெல் ஆய்வகத்துப் பியர்ஸ்தான் இவர். கூட இருந்தவர் மேக்ஸ் மேத்யூஸ், 1957-லேயே கம்ப்யூட்டரை இசை வாசிக்க வைத்தவர். ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று இடங்களில் ஒரே கணக்கு. பெயர் மட்டும் இரண்டு பேருக்குத்தான் நிலைத்தது. டச்சுக்காரர் பாவம்.

கணக்கு எளிதுதான். நாம் ஸ்தாயி என்று சொல்வது 2:1. 220 ஹெர்ட்ஸ் ஸ என்றால் 440 மேல் ஸ. போலன் 2-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 3-ஐ வைத்தார். 220-இலிருந்து 660 வரை ஒரு சுற்று, அதை 13 சமபங்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் 146.3 சென்ட் வருகிறது. சென்ட் என்பது இங்கே நிலத்து அளவு இல்லை, சுரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் அளவு: ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், கீபோர்டின் ஒரு கட்டைக்கு 100. ஆக இங்கே ஒரு படி என்பது ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை. நுணுக்கமான சுருதிகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கேயே தடுக்கி விழுவார்கள். இந்த ஸ்கேலில் எதுவும் நுண்மை இல்லை. நம் சுத்த ரிஷபத்தை விடப் பெரிய தாவல்தான் இதன் சிறிய அடி.

13 என்பது எங்கிருந்து வந்தது என்றால், மேற்கத்திய இசை 4:5:6 என்ற விகிதக் கூட்டை வைத்துத் தன் ஹார்மனியைக் கட்டியது போல, இதை 3:5:7 என்ற கூட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரட்டைப்படை எண்களுக்கே இடமில்லை. 660 வரையிலான தூரத்தை 13 ஆகப் பிரித்தால் 5:3-க்கும் 7:5-க்கும் 7:3-க்கும் மிக அருகே படிகள் விழுகின்றன. 7:5-இல் பிசகு 3 சென்ட்கூட இல்லை, 7:3-இல் 4 சென்ட், 5:3-இல் 6.5. பியானோவில் இருக்கிற அந்தர காந்தாரம் இயற்கையான 5:4-ஐ விட்டு 14 சென்ட் கூடி நிற்கிறது, அதை வைத்துக்கொண்டே உலகம் நூற்றாண்டுகளாகப் பாடுகிறது. அந்த வகையில் பார்த்தால் இது கறாரான ஸ்கேல். எவனோ கிறுக்கன் இஷ்டத்துக்கு வெட்டியது என்று தள்ளிவிட முடியாது. மின்னணு இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸ் 1986-இல் பயன்படுத்திய ஆல்ஃபா, பீட்டா ஸ்கேல்களும் (படி ஒன்றுக்கு 78, 63.8 சென்ட்) ஸ்தாயியில் போய் முட்டாதவைதான். ஆனால் அங்கே படிகள் சிறியவை, காதை ஏமாற்றி ஒப்பேற்றிவிடலாம். போலன்–பியர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் செய்கிறது.

எட்டாவது படி

ஸ்காலா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்கேலை வெறும் எண் பட்டியலாக எழுதிக் கொடுத்தால் கீபோர்டை அதற்கேற்ப மாற்றிவிடும். 220-ஐ ஸ என்று வைத்துக்கொண்டு முதலில் நிதானமாக ஏறிப் பார்த்தேன். இரண்டாவது படி 293 சென்ட், சாதாரண காந்தாரம் என்று சொல்லிவிடலாம். நான்காவது 585, பிரதி மத்யமத்துக்குப் பக்கம். ஆறாவது 878, அழகான சதுச்ருதி தைவதம். ஏழாவது 1024, கைசிகி நிஷாதம். இந்த நான்கையும் மட்டும் வாசித்தால் பஞ்சமத்தை விட்டுவிட்ட ஹேமவதி ராகம் மாதிரி ஒரு சாயல் அடிக்கிறது. அட, வழி தெரிந்த ஊர்தான் போலிருக்கிறது என்று உற்சாகமாகி எட்டாவது படியில் விரலை வைத்தேன். 1170 சென்ட், அதாவது 432.5 ஹெர்ட்ஸ். மேல் ஸ-வுக்கு 30 சென்ட் குறைவு.

30 சென்ட் குறைந்த மேல் ஸ எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம். காகலி நிஷாதம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது, அதைத் தாண்டி வந்துவிட்டது. ஸ என்றும் ஏற்றுக்கொள்ள முடியாது. அடுத்த படிக்குப் போனால் 1317, இப்போது ஸ-வைத் தாண்டி சுத்த ரிஷபத்தின் வாசலில் நிற்கிறோம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே எங்கோ ஸ இருக்கிறது, அதை மிதிக்கப் படி இல்லை. திரும்பிப் பார்த்தால் பஞ்சமமும் இல்லை என்று அப்போதுதான் உறைக்கிறது. ஐந்தாவது படி 731 சென்ட், பஞ்சமத்துக்கு 30 சென்ட் மேலே. சுத்த மத்யமமும் கிடையாது. தம்புராவின் நான்கு தந்திகளில் ஆதார ஸ-வைத் தவிர ஒன்றையும் கட்ட முடியாத ஸ்கேல்.

எனக்குத் தெரிந்த வயலின் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். 22 சுருதி பதிலை என்னிடம் பலமுறை சொன்னவர். அவர் வீட்டுக்கு லேப்டாப்பையும் சின்ன கீபோர்டையும் எடுத்துப் போனேன். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்க, தந்தி வாத்தியச் சத்தத்தில் படிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஏழு வரை தலை லேசாக ஆடியது. “ஹேமவதி மாதிரி வருது தம்பி” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் எட்டை அழுத்தினேன். முகம் சுளித்து, கை தானாகவே மேசைமேல் இருந்த சுருதிப் பெட்டியின் திருகுக்குப் போனது. பெட்டிதான் இறங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார். “பெட்டி சரியாத்தான் சார் இருக்கு, சுரமே இதுதான்.” “இதுதான்னா? சுருதி சேரலையே?” “சேராது சார். சேரக்கூடாதுன்னுதான் கட்டியிருக்காங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் படித்த படிப்பெல்லாம் வீண் என்று எழுதியிருந்தது.

அவர் கை திருகுக்குப் போனதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். கமகத்தில் எந்தச் சுரத்தை எவ்வளவு இழுத்தாலும் அவர் காது கூடவே போகும். காந்தாரம் ஆடலாம், நிஷாதம் சறுக்கலாம், ரிஷபம் ராகத்துக்கு ஒரு வீட்டில் குடியிருக்கலாம். இதெல்லாம் ஸ-வும் ப-வும் அசையாமல் இருக்கிற தைரியத்தில் நடக்கிற ஆட்டம். 22 சுருதி நம்மை இந்த ஸ்கேலுக்குத் தயார்படுத்தியிருக்கும் என்பது தலைகீழான எண்ணம். தம்புராவில் ஊறிய காதுதான் இதில் எல்லாரையும் விட அதிகமாகச் சங்கடப்படும்.

சத்தத்தை மாற்றியபோது

இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஸ்கேலை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். ஒருநாள் இரவு அதே 3:5:7 கூட்டை, ஏறக்குறைய 220, 367, 513 என்று மூன்று சுரங்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மென்பொருளில் இருந்த வாத்தியச் சத்தங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். பியானோவில் கசப்பு. வயலின் கூட்டத்தில் இன்னும் கசப்பு, மூன்று பேரும் வேறு வேறு மேடையில் இருப்பது போல. ஆர்கன் சகிக்கவில்லை. அடுத்து கிளாரினெட் வந்தது. விரல்கள் அதே மூன்று கட்டைகளில், அதே அதிர்வெண்கள். கூட்டு சட்டென்று இறுகி நின்றது. நிஜமாகவே நின்றது, அலையடிப்பு இல்லாமல். நமக்குப் பழகிய இனிமை அது கிடையாது, கொஞ்சம் குளிர்ச்சியான, உள்ளே காலியாக இருக்கிற மாதிரி ஒரு சேர்க்கை. ஆனால் சேர்க்கைதான், சந்தேகமில்லை. எட்டாவது படியைத் தனியாக 220-க்கு மேல் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்பு பல்லைக் கூச வைத்த அதே 432.5, இப்போது யாரோடும் வம்புக்குப் போகாத, பெயர் தெரியாத ஒரு சுரமாக இருந்தது.

ஏன் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயத்தின் முழு உருவம் தெரிந்தது. 220 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி அதிர்ந்தால் 220 மட்டும் ஒலிப்பதில்லை. 440, 660, 880, 1100 என்று மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. தந்திக்குள்ளேயே 440, அதாவது மேல் ஸ, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் 432.5-ஐ வாசித்தால் அந்த 440-உம் இதுவும் உரசி நொடிக்கு ஏழெட்டு முறை அலையடிக்கும். வாத்தியாருக்கு முகம் சுளித்தது அந்த அலையில்தான். கிளாரினெட்டின் கீழ்ப்பகுதிச் சத்தத்தில் இரட்டைப்படை மடங்குகள் மிகவும் பலவீனம். 220, 660, 1100, 1540 என்று ஒற்றைப்படையாகவே போகும். 440 அங்கே இல்லாதபோது 432.5 எதோடு உரசும்? மறுபக்கம் பாருங்கள்: 220-இன் ஐந்தாவது மடங்கு 1100, 367-இன் மூன்றாவது மடங்கும் 1100. 220-இன் ஏழாவது 1540, 513-இன் மூன்றாவதும் 1540. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி உட்காருகின்றன. சுருதி சேர்வது, சேராதது என்பதை நான் அதுவரை இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள விவகாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அது அந்தச் சுரங்களை எந்தப் பொருள் ஒலிக்கிறது என்பதோடு சேர்ந்த விவகாரம். அமெரிக்காவில் வில்லியம் செதாரஸ் என்ற பேராசிரியர் இதை இன்னும் விஷமமாகச் செய்து காட்டியிருக்கிறார். மடங்குகளையே கம்ப்யூட்டரில் கொஞ்சம் இழுத்து நீட்டிய ஒரு சத்தத்தைத் தயாரித்தார். அந்தச் சத்தத்தில் அசல் 2:1 ஸ்தாயியை வாசித்தால் அபஸ்வரமாக இருக்கும், 2.1:1 சுருதி சுத்தமாக நிற்கும்.

சரி, கிளாரினெட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்? ஒரு முனை மூடிய நேர் உருளைக் குழல் அது. நாதஸ்வரத்தில் குழல் கீழே போகப்போக விரிகிறது, புல்லாங்குழல் இரண்டு பக்கமும் திறந்தது. அதனால் இவை இரண்டிலும் காற்றை அழுத்தி ஊதினால் அதே விரல்பிடிப்பில் மேல் ஸ்தாயி ஸ பேசும். கிளாரினெட்டில் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சாவியை அழுத்தினால் ஸ-வுக்கு மேல் ஸ வராது, மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும். சரியாக 3:1. புல்லாங்குழலிலிருந்து கிளாரினெட்டுக்கு மாறுகிறவர்கள் முதல் மாதம் திணறுவது இதில்தான். போலனின் சுற்று எதுவோ அந்தக் குழலுக்கும் இயல்பிலேயே அதுதான் சுற்று. டொரொண்டோவில் ஸ்டீஃபன் ஃபாக்ஸ் என்ற கிளாரினெட் செய்கிறவர் இதைப் பிடித்துக்கொண்டு 2006 வாக்கில் போலன்–பியர்ஸ் கிளாரினெட்டுகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். சாதாரணக் கிளாரினெட்டில் அந்த மேல் பஞ்சமத்தை எட்டுவதற்குள் 19 அரைச் சுரங்களுக்குத் துளையும் சாவியும் வேண்டும். இதற்கு 13 போதும். அதனால் பார்க்கவே கொஞ்சம் மொட்டையாக இருக்கும், சாவிக்கூட்டம் குறைவு. 2010-இல் பாஸ்டனில் இந்த ஸ்கேலுக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. மின்னணுச் சத்தங்களை விட அந்த மரக் கிளாரினெட்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து வாசிக்கிற பதிவுகள்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தன. கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் ஒலிக்க வைக்கலாம். மூச்சு விட்டு வாசிக்கிற ஒருவர் அந்த எட்டாவது படியில் நிதானமாக நின்று, அதை ஒரு சுரமாக நடத்துவது வேறு விஷயம்.

வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முதலில் ஞாபகம் வந்தவர் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன். வரத்தானே வேண்டும். சதிர் காலத்திலிருந்தே நம் மேளத்தில் புழங்கிய வாத்தியம் அது, அதைக் கச்சேரி மேடையின் நடுவே உட்கார வைத்தவர் அவர். “அவர் கிளாரினெட்ல தோடி கேட்டிருக்கியா? நாயனம் தோத்துடும்” என்றார். கேட்டிருக்கிறேன். ஸ்தாயியே இயல்பாக வராத ஒரு குழலை எடுத்து, ஸ்தாயி இல்லாமல் மூச்சுகூட விடாத ஒரு இசைக்குள் பணிய வைத்திருக்கிறோம். ஃபாக்ஸ் செய்தது அந்தக் குழலை அதன் போக்கில் விட்டது. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை.

ராமன் கவனித்த தம்புரா

அப்புறம் தம்புராவைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மந்தர ஸ தந்தியை மீட்டிக் காது கொடுத்தால் யாரும் வாசிக்காமலே தானாக எழுகிற ஸ்வயம்பு காந்தாரம் கேட்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்தது. அது ஐந்தாவது மடங்கு. அதற்கு முன் மூன்றாவது மடங்காக மத்ய ஸ்தாயிப் பஞ்சமம், இன்னும் மேலே ஏழாவதாகக் கைசிகி நிஷாதத்துக்கு 31 சென்ட் குறைவாக ஒரு சுரம். 3, 5, 7. போலன் தேடிப் போன கூட்டு நாம் தினமும் மீட்டுகிற தந்திக்குள்ளேயே இருக்கிறது. இரட்டைப்படை மடங்குகள் பலமாக இருப்பதால் அவை இந்தக் கூட்டை ஸ்தாயிக்குள் மூடி வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் அடங்கிவிட வேண்டும் என்பது இயற்பியல் பாடம். கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் சுண்டிப் பாருங்கள், சத்தம் கிளாரினெட் பக்கம் போய் உள்ளே காலியாகக் கேட்கும். தம்புராவையும் நாம் நடுப்பக்கமாகத்தான் மீட்டுகிறோம். ஆனால் தம்புரா அப்படி ஒலிப்பதில்லையே? சர் சி. வி. ராமன் 1921-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதைத்தான் கவனித்தார்: தம்புராவிலும் வீணையிலும், மீட்டுகிற இடத்தை வைத்துப் பார்த்தால் ஒலிக்கவே கூடாத மடங்குகள் கணீரென்று ஒலிக்கின்றன. காரணம் தந்தியைத் தாங்குகிற குதிரைக் கட்டையின் வளைந்த மேல்பரப்பு. தம்புராவில் அதன்மேல் நூலை நகர்த்தி ஜீவாளி பிடிப்போமே, அதுதான் வேலையைச் செய்கிறது. தந்தி அந்த வளைவில் பட்டுப் பட்டு விலகும்போது அடங்கிப்போன மடங்குகள் மறுபடி பிறந்துவிடுகின்றன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தந்தி கொஞ்சம் அசந்து மேல் ஸ-வைத் தொலைத்துவிடும் வாய்ப்பு இருந்திருக்கிறது. யாரோ ஒரு நூலைச் செருகி அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மூன்றால் பெருக்கிச் சுரம் பிறப்பிப்பது நமக்கும் அந்நியமில்லை. குரலுக்கு (ஸ) இளி (ப), அந்த இளிக்கு இளி என்று எடுத்துக்கொண்டே போவது பழைய முறைதான். ஸ, ப, ரி, த என்று வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைத்ததை இரண்டால் வகுத்து ஸ்தாயிக்குள் மடக்கிக்கொள்கிறோம். போலன்–பியர்ஸில் மடிப்பு கிடையாது. மேல் பஞ்சமத்துக்குப் போனால் அதுவே புது ஸ, அங்கிருந்து அடுத்த சுற்று. ராகத்தின் வேறொரு சுரத்தை ஸ-வாக வைத்துப் புது ராகம் எடுப்போமே, அந்த மாதிரி முடிவே இல்லாத கிரக பேதம் என்று வாத்தியாரிடம் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவர் முதல்முறையாக “ம்” என்றார்.

மேல் ஸ-வும் கீழ் ஸ-வும் ஒரே சுரம் என்பது பிறவியிலேயே வருவதா, பழக்கமா? இதைப் பற்றி நான் படித்ததில் மனதில் தங்கியது 2019-இல் வெளியான ஒரு ஆய்வு. பொலிவியாவின் மழைக்காடுகளில் வாழும் சிமானே மக்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் அவர்கள் குரலுக்கு எட்டாத உயரத்தில் சில சுரங்களைப் போட்டுக்காட்டித் திருப்பிப் பாடச் சொன்னார்கள். அமெரிக்கர்கள், அதிலும் இசை கற்றவர்கள், தானாகவே ஒன்றிரண்டு ஸ்தாயி இறக்கி அதே சுரத்தைப் பாடினார்கள். சிமானே மக்கள் சுரங்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைப் பிடித்தார்கள், ஆனால் ஸ்தாயிக்குப் பொருத்தி இறக்கவில்லை. எங்கே சௌகரியமோ அங்கே பாடினார்கள். அவர்கள் பெரும்பாலும் தனியாகவே பாடுகிறவர்கள், கூட்டமாகச் சேர்ந்து பாடும் வழக்கம் இல்லை. ஆக ஸ்தாயி என்ற கல் நாம் நினைக்கிற அளவுக்கு ஆழமாக நடப்படவில்லை போலிருக்கிறது.

சைக் லூயி என்ற ஆய்வாளர் குழுவினர் இந்தப் போலன்–பியர்ஸ் ஸ்கேலையே எடுத்து, யாரும் கேட்டிராத மெட்டுகளை அமைத்து, ஆட்களுக்கு அரைமணி நேரம் போலக் கேட்க வைத்தார்கள். சில மெட்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு அந்த மெட்டுகள் பிடித்துப்போயின, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. விதவிதமாக நூற்றுக்கணக்கான மெட்டுகளைக் கேட்டவர்கள், அதே விதிப்படி அமைந்த புது மெட்டு வந்தால் இனம் கண்டார்கள். ராகம் பிடிபடுவதும் இப்படித்தானே? ஒரே கீர்த்தனையை நூறு தடவை கேட்டவருக்கு அந்தக் கீர்த்தனைதான் தெரியும், நாலு பேர் ஆலாபனை கேட்டவருக்கு ராகம் தெரியும்.

இந்த ஸ்கேலில் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. 3:5:7 கூட்டை அடுக்கி அடுக்கி, மேற்கத்திய ஹார்மனியின் பழைய வேலைகளையே புது எண்களில் செய்கிறார்கள். மெலடி நொண்டுகிறது. 13-இல் 9 படிகளைத் தேர்ந்தெடுத்து மோடு என்று பெயர் வைத்தால் ஆரோகண அவரோகணம் கிடைக்குமே தவிர ராகம் கிடைக்காது. எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு ஓடுவது, எந்தப் பிடியில் அதன் முகம் தெரியும் என்று யாராவது உட்கார்ந்து தேட வேண்டும். படியே ஒன்றரைக் கட்டை அகலம் என்பதால் நடுவில் அசைவுக்குத் தாராளமாக இடமிருக்கிறது.

வாத்தியாரை வற்புறுத்திப் பார்த்தேன். ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் உள்ள ஒரு சுருதியை, 220-உம் 660-உம் சேர்த்து, போனில் பதிந்து கொடுத்தேன். வயலினை எடுத்து இரண்டு, நான்கு, ஆறு, ஏழு என்று ஹேமவதி வாடையிலேயே கொஞ்ச நேரம் சுற்றினார். எட்டாவது படிக்கு வரும்போதெல்லாம் விரல் 30 சென்ட் தானாக ஏறிவிட்டது. வயலின் தந்தியிலேயே 440 இருக்கிறதே, அது சும்மா விடுமா. சலித்துப்போய் வில்லை இறக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “அது சரி, ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து இதை எப்படிப் பாடுவாங்க?” நம் வீட்டு பஜனையில் ஆண்கள் கீழேயும் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேயும் பாடுவதை ஒரே பாட்டு என்றுதானே சொல்கிறோம். இந்த ஸ்கேலில் ஒரே சுரம் என்று சொல்ல வேண்டுமானால் பெண்கள் 19 அரைச் சுரம் மேலே போக வேண்டும், சாதாரணத் தொண்டைக்கு அது ஆகாது. பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். “அப்ப கிளாரினெட்காரன் யாரையாவது கூட்டிட்டு வா, கேக்கறேன்” என்று சொல்லிவிட்டுச் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டார். பாஸ்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ ஆள் வர வேண்டும். அதுவரை அந்தப் பதிவுகளைத்தான் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை.